‘மெடிக்கல் அன்ஃபிட்’: புலம்பெயர் தொழிலாளரின் உடலும் ஊருக்குள் வந்த எல்லையும்

அயல்நாட்டு விமான நிலையமொன்றில் இருவர் இறங்குகிறார்கள். ஒருவர் பத்து நாள் சுற்றுலாவுக்கு வந்தவர். மற்றவர் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டட வேலைக்கு வந்தவர். நோய்க்கிருமி இவ்விருவருக்கும் இடையே வேறுபாடு பார்ப்பதில்லை, சட்டம் பார்க்கிறது. 2007 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகள், பயணிகளின் மாண்பும் மனித உரிமைகளும் மதிக்கப்பட வேண்டும் என்கின்றன. உடலுக்குள் ஊடுருவும் மருத்துவப் பரிசோதனையை நாட்டுக்குள் நுழைவதற்கான நிபந்தனையாக ஆக்கக் கூடாது என்று 31ஆம் விதி சொல்கிறது. ஆனால் அதே விதி, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வசிக்க வருபவர்களிடம் அத்தகைய பரிசோதனையைக் கோரலாம் என்று விலக்களிக்கிறது. 40ஆம் விதி, பரிசோதனைக்காகப் பயணியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. அங்கும் அதே விலக்கு உண்டு: வசிக்க வருபவரிடம் வாங்கலாம்.

ஆக, பிழைப்புத் தேடி வருபவரின் உடலைச் சந்தேகிக்கவும், அந்தச் சந்தேகத்துக்கான செலவை அவர் தலையிலேயே சுமத்தவும் உலகச் சட்டம் இடம் தருகிறது. நுழையும் நாடு தன் மக்களைத் தொற்றிலிருந்து காக்க நினைப்பதில் தவறில்லை. அந்தப் பரிசோதனை எங்கே நடக்கிறது, யார் செலவில் நடக்கிறது, தேர்ச்சி பெறாதவருக்கு அதன்பின் என்ன நேர்கிறது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். இந்தக் கேள்விகள் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் புதியவை அல்ல. விமான நிலையம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே அவற்றை எதிர்கொண்டவர்கள் அவர்கள்.

மண்டபம்

இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில், அழைத்துச் செல்லப்பட்டவர்களில் கணிசமான பங்கினர் பறையர், பள்ளர், சக்கிலியர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். நிலமற்றவர்கள்; பண்ணையாரிடம் பட்ட கடனிலிருந்து தப்பிக்கக் கங்காணியிடம் புதிய கடன் பட்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்ப் பகுதியில் கரையிறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஏராளம். தொழிலாளர் உயிர் குறித்த கவலையைக் காட்டிலும், அவர்கள் வழியாகக் காலராவும் அம்மையும் தோட்டங்களுக்குள் நுழையுமோ என்ற அச்சமே பெரிதாக இருந்தது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் தனிமைப்படுத்தல் முகாம்கள் அமைந்தன.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழியும் திறக்கப்பட்ட பின் மண்டபம் முகாமே முதன்மை வாசலாயிற்று. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முகாம் இருந்தது இராமநாதபுரம் மண்ணில். நடத்தியது இலங்கையின் காலனி அரசு. அதாவது இலங்கையின் சுகாதார எல்லை இந்தியக் கரைக்குள் நகர்ந்து வந்து உட்கார்ந்திருந்தது. தொழிலாளர்கள் சில நாட்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள், அம்மை குத்தப்பட்டது, உடைகள் நீராவியில் இடப்பட்டன, உடல்கள் சோதிக்கப்பட்டன. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத் துண்டு ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. ‘துண்டு முறை’ என்று மலையகத்தில் இன்றும் நினைவுகூரப்படுவது அதுதான். வழிச்செலவு அந்தத் துண்டின் எண்ணில் கணக்கு வைக்கப்பட்டது. சோதனையில் கழிக்கப்பட்டவர் எந்தக் கடனோடு ஊர் திரும்பினார் என்பதைப் பற்றிக் காலனி அரசின் குறிப்பேடுகளுக்கு அக்கறை இருந்திருக்க வாய்ப்பில்லை.

1964ஆம் ஆண்டின் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அதே மண்டபம் முகாம், தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்ட மலையகத் தமிழரை வரவேற்றது. 1983க்குப் பின் ஈழ அகதிகளை ஏற்றது. ஒரே இடம், மூன்று தலைமுறைகள். மாணவ நண்பர்கள் எவரேனும் இம்முகாமின் பதிவேடுகளைச் சாதி நோக்கில் ஆய்வு செய்ய முன்வந்தால் பெரும் உதவியாக இருக்கும்.

ஹீத்ரோ, 1979

கப்பல் போய் விமானம் வந்தது. 1979 ஜனவரி 24 அன்று இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் வந்திறங்கினார். பிரிட்டனில் வசிக்கும் ஒருவரை மணம் புரிய வந்தவர். அன்றைய விதிப்படி, மூன்று மாதத்துக்குள் திருமணம் செய்துகொள்ள வரும் பெண்ணுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. ‘இவர் உண்மையிலேயே மணமாகாதவர்தானா’ என்று அதிகாரிகளுக்கு ஐயம். விமான நிலையத்திலேயே ஆண் மருத்துவர் ஒருவர் அவருக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார். குடிவரவுச் சட்டம் மருத்துவ ஆய்வாளருக்கு அளித்திருந்த அதிகாரம் தொற்றுநோயைத் தடுப்பதற்கானது. அந்த அதிகாரத்தின் நிழலில்தான் இது நடந்தது. பிப்ரவரி 1 அன்று ‘கார்டியன்’ நாளேடு செய்தியை வெளியிட்டது. அடுத்த நாளே உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் இந்நடைமுறைக்குத் தடை விதித்தார்.

தனிப்பட்ட ஓர் அதிகாரியின் அத்துமீறல் என்பது போல அன்று அது கடந்து போகவிருந்தது. பல ஆண்டுகள் கழித்து மரினெல்லா மார்மோ, ஈவான் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டன் ஆவணக் காப்பகக் கோப்புகளைத் திறந்து பார்த்தனர். இந்தியாவிலிருந்த பிரிட்டன் தூதரக அலுவலகங்களிலேயே குறைந்தது 80 பெண்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டிருந்தது 2011இல் வெளியே வந்தது. விமான நிலையத்தில் நடந்தது வெளியே தெரிந்தது. விசா வரிசையில் நடந்தது முப்பது ஆண்டுகள் தெரியவில்லை. பரிசோதனை எல்லையிலிருந்து புறப்படும் ஊருக்கு நகர நகர, கேள்வி கேட்கும் கண்களும் குறைகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அந்த நகர்வுதான் பின்னர் கொள்கையாகவும் ஆயிற்று. ஹீத்ரோவிலும் கேட்விக்கிலும் குடியேற வருவோருக்கு எடுக்கப்பட்ட மார்பு எக்ஸ்ரேக்களில் காசநோய் கண்டறியப்பட்டது மிகக் குறைவு. எனவே 2012 மே மாதம், ஒரு லட்சம் பேருக்கு 40க்கு மேல் காசநோயாளிகள் உள்ள நாடுகளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருவோர், புறப்படும் முன் தம் நாட்டிலேயே சான்று பெற வேண்டும் என பிரிட்டன் அறிவித்தது. மருத்துவ நோக்கில் இது குறை சொல்லத்தக்கதல்ல. எக்ஸ்ரேயில் ஐயம் எழுந்தால் சளிப் பரிசோதனை உண்டு. கிருமி இல்லையெனச் சளி வளர்ப்புச் சோதனை காட்டினால் சான்று கிடைக்கும். காத்திருக்க வேண்டும் என்பதுதான் சிரமம், கதவு மூடப்படுவதில்லை. பிரிட்டனுக்குப் படிக்கச் செல்லும் மாணவருக்குக் கிடைக்கும் இந்த மறுவாய்ப்பு, வளைகுடாவுக்குக் கம்பி கட்டச் செல்லும் இளைஞருக்கும் கிடைக்கிறதா?

தழும்பு

கோடம்பாக்கத்தில் நான் அமரும் சட்ட உதவி அலுவலகத்துக்கு விழுப்புரம், கடலூர், அரியலூர்ப் பக்கங்களிலிருந்து வருபவர்கள் ‘மெடிக்கல்’ என்ற சொல்லை ஒரு தேர்வின் பெயரைப் போலவே சொல்கிறார்கள். ‘மெடிக்கல் போட்டேன்’, ‘மெடிக்கல் ஃபெயிலாயிட்டேன் சார்’. எந்த நோய்க்காகச் சோதித்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. கையில் இருப்பது பணம் கட்டிய ரசீது மட்டும். ஒப்பமிட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், அது இங்கிலீஷில் இருந்தது என்கிறார்கள்.

வளைகுடா ஒத்துழைப்பு மன்ற நாடுகளில் வேலைக்குச் செல்ல, அந்நாடுகள் ஒப்புதல் அளித்த மருத்துவ மையங்களில்தான் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முன்பு ‘காம்கா’ என்று அறியப்பட்ட இம்முறை இப்போது ‘வாஃபித்’ என்ற இணையத் தளத்தின் வழி நடக்கிறது. முன்பதிவுக்குத் தனிக் கட்டணம், மையத்தில் பல ஆயிரம் ரூபாய். மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, பால்வினை நோய், பெண்களாயின் கர்ப்பம் எனப் பட்டியல் நீள்கிறது. முடிவு ‘ஃபிட்’ அல்லது ‘அன்ஃபிட்’ என்று கணினியில் ஏற்றப்படுகிறது. அங்கே போய் இறங்கிய பின் வசிப்பு அனுமதிக்காக மீண்டும் அதே சோதனைகள். அங்கு தவறினால் திருப்பி அனுப்பப்படுவார். மலேசியாவில் 1997 முதல் ‘ஃபோமெமா’ என்ற முறையின் கீழ், வந்த 30 நாட்களுக்குள் தொழிலாளர் சோதனைக்கு உட்பட வேண்டும். சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் தொற்றுநோயன்று, ஆயினும் அது வேலையிழப்புக்குக் காரணமாகிறது. ஹீத்ரோவின் அந்த அறை முழுவதும் பூட்டப்பட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்பட்டியலில் எங்கள் மக்களை அதிகம் வீழ்த்துவது எக்ஸ்ரே. வளைகுடா விதிகளின்படி, நடப்பில் உள்ள காசநோய் மட்டுமன்றி, எப்போதோ வந்து குணமானதன் தழும்பும் தகுதியின்மைக்குக் காரணமாகலாம். அரசு மருத்துவமனையில் ஆறு மாதம் தவறாமல் மாத்திரை விழுங்கி முற்றிலும் குணமடைந்தவர் யாருக்கும் நோயைப் பரப்புவதில்லை. தழும்பைப் பார்த்து மட்டும் நோய் உயிர்ப்புடன் உள்ளதா என்று எக்ஸ்ரேயால் உறுதியாகச் சொல்லவும் முடியாது. அதற்குச் சளிப் பரிசோதனை வேண்டும். இருந்தும் தழும்பே தீர்ப்பாகிறது.

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். ஒற்றை அறையில் ஆறு பேர் உறங்கும் காலனி வீடு, சத்தற்ற உணவு, செங்கல் சூளை, தோல் பதனிடும் கூடம். கல்குவாரியில் தூசியை உள்ளிழுத்தவரின் நுரையீரலில் படியும் சிலிகோசிஸ் பாதிப்பு, எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தோற்றம் காட்டுவதும் உண்டு. விசா விண்ணப்பத்தில் சாதி என்ற கட்டம் கிடையாது. ஆனால் சாதி ஒருவருக்கு ஒதுக்கிய குடியிருப்பும் தொழிலும் நெஞ்சுக்கூட்டில் விட்டுச் சென்ற சுவட்டை எக்ஸ்ரே படித்துவிடுகிறது. சாதி தந்த வேலையிலிருந்து தப்பிக்க விமானம் ஏற வந்தவரை, அந்த வேலை தந்த தழும்பே திருப்பி அனுப்புகிறது.

நிராகரிப்பின் விலை மருத்துவக் கட்டணத்தோடு முடிவதில்லை. ஏஜென்ட் முன்பணத்தைத் தர மறுப்பார், வட்டி ஓடிக்கொண்டிருக்கும், என்ன நோய் என்று தெரியாமல் ஊரில் ஒரு வதந்தி மட்டும் பரவும். எச்.ஐ.வி. ஆக இருக்குமோ என்று சொந்த வீட்டாரே ஒதுக்கிய ஒருவரின் கோப்பைப் பார்த்தேன். உண்மையில் அவருக்கு இருந்தது பழைய நுரையீரல் தழும்பு. அதை அவர் அறிய நான்கு மாதமும் வேறொரு மருத்துவரும் தேவைப்பட்டனர்.

ரத்தம் எடுக்கப்படும் இடத்தின் சட்டம்

‘இது அயல்நாட்டு விதி, நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்பதே ஏஜென்டும் மருத்துவ மையமும் சொல்லும் பதில். பாதி உண்மை. யாருக்கு விசா தருவது என்பது அந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது. நம் நீதிமன்றம் அதில் தலையிட முடியாது. ஆனால் ஊசி குத்தப்படுவது சென்னையில். குத்துபவர் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டவர்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, இதில் முதல் கருவி. அதன் 5ஆம் பிரிவின்படி, விவரம் அறிந்த ஒப்புதல் இன்றி எவருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்குவது அந்த ஒப்புதலின் பகுதி. 6ஆம் பிரிவு நான்கு விலக்குகளைத் தருகிறது: நீதிமன்ற ஆணை, உடலுறுப்பு முதலியவற்றைப் பெறுதல், பெயர் குறிக்காத நோய்ப்பரவல் ஆய்வு, உரிமம் பெற்ற ரத்த வங்கி. அயல்நாட்டு வேலைக்கான மருத்துவம் அந்நான்கிலும் இல்லை. எனவே படித்துக் காட்டப்படாத ஆங்கிலத் தாளில் வாங்கிய கையெழுத்து, இப்பிரிவு கேட்கும் ஒப்புதல் ஆகாது என்பதே என் வாதம். முடிவை ஏஜென்டிடமோ உறவினரிடமோ சொல்வதும் அதே சட்டத்துக்கு முரண். வேலை பெறுவதற்கு எச்.ஐ.வி. சோதனையை முன்நிபந்தனை ஆக்குவதையே 3ஆம் பிரிவு பாகுபாடு என்கிறது. இங்குள்ள ஆள்சேர்ப்பு நிறுவனத்தை இப்பிரிவு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது நீதிமன்றத்தில் வாதிடப்பட வேண்டிய கேள்வி. வாதிடத் தகுந்த கேள்வியும்கூட. இச்சட்டத்துக்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1997இல், பம்பாய் உயர் நீதிமன்றம் ‘எம்.எக்ஸ்.’ என்று மட்டும் குறிப்பிடப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கில், உழைக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை மட்டும் காரணமாக்கி வேலை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

அன்றாட நடைமுறையில் அதிகம் பயன்படுவது, இதைவிட எளிய வேறொரு விதி. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை ஒழுங்குமுறைகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன. ‘அன்ஃபிட்’ என்று சொல்லப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது, எக்ஸ்ரே படத்தையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு எழுத்தில் விண்ணப்பிப்பது. பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வேண்டும். மறுத்தால் பதிவு அஞ்சல். அறிக்கை கைக்கு வந்தால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்து இரண்டையும் ஒப்பிடலாம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், தவறான அறிக்கைக்கு எதிராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடவும் வழி உண்டு.

உண்மையிலேயே காசநோய் இருந்தால்? 2012 மே முதல் அது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். தனியார் மையமும் அறிவித்தாக வேண்டும். அறிவித்தால் இலவச மருந்தும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஊட்டச்சத்து உதவியும் அவருக்கு உரியவை. ‘அன்ஃபிட்’ என்று மட்டும் சொல்லி ஒருவரைத் தெருவுக்கு அனுப்பும் மையம், அவருடைய வேலையோடு சிகிச்சையையும் பறிக்கிறது. மண்டபத்தில்கூட அம்மை குத்தி அனுப்பினார்கள்.

ஏஜென்ட் பக்கம் வருவோம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மீதான ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் வாங்குவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியது. ஒன்றரை லட்சம் கொடுத்தேன் என்று சொல்பவர்களிடம் ரசீது 30,000க்குக்கூட இருப்பதில்லை. ஆகவே வங்கி வழியே மட்டும் பணம் செலுத்துமாறு கிராமக் கூட்டங்களில் நாம் ஓயாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. மெடிக்கல் முடிவு வரும்வரை முழுப் பணத்தையும் தரக் கூடாது என்பதையும்.

கடைசியாக, சென்னையில் தேறி அங்கே இறங்கிய பின் தவறுபவர்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ‘ஈ.சி.ஆர்.’ வகைப் பாஸ்போர்ட் தரப்படுகிறது. (சென்னைக்காரர்களுக்கு அந்த மூன்றெழுத்து ஒரு கடற்கரைச் சாலை, காலனி இளைஞர்களுக்கு அது குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை.) அவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்குச் செல்லும் முன் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீட்டை எடுப்பது கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்து மரணத்துக்குத் தரும் 10 லட்சம் பற்றி ஓரளவு தெரிந்திருக்கிறது. முதல் 12 மாதத்துக்குள் மருத்துவத் தகுதியின்மையால் ஒப்பந்தம் முறிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டால், ஊர் திரும்பும் விமானக் கட்டணத்தையும் காப்பீட்டு நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்பது பலருக்கும் தெரியாது. இதற்கு ஒரு நிபந்தனை: திருப்பி அனுப்பியதற்கான காரணத்தை அங்குள்ள இந்தியத் தூதரகம் சான்றளிக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் வந்து இறங்கிய பின் அந்தச் சான்றுக்கு அலைவது மிகக் கடினம். புறப்படும் முன்பே தூதரகத்துக்கு மனு அளித்து, நகலைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளும்படி வெளிநாட்டிலிருக்கும் தோழர்களுக்கு இன்றே சொல்லுங்கள். பாலிசி எண்ணின் நகல் ஒன்று ஊரில் வீட்டாரிடமும் இருக்கட்டும்.